சிறு வணிகங்களுக்கு மென்பொருள் எழுதி நிறுவனம் நடத்துவது எப்படி

சிறு வணிகங்களின் பில், சரக்கு இருப்பு, நிலுவைக் கணக்கு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருளை எழுதி விற்கும் சிறிய நிறுவனம் ஒன்றை 11 ஆண்டுகளாக நடத்திவருகிறேன். இதே வேலையில் இறங்க நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இதுவரை தனித்தனியாகப் பதில் எழுதிவந்தேன். அவற்றை ஒன்றுசேர்த்து வைத்தால் இன்னும் சிலருக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன். எந்த நிரல்மொழி சிறந்தது, முதலீட்டாளர்களை எப்படி அணுகுவது என்பவை பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். கணக்கு சார்ந்த மென்பொருளைச் சிறிய குழுவோடு எழுதி, விற்று, ஆண்டுக்கணக்கில் பராமரிக்க என்னென்ன செய்ய வேண்டும் என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

பெரிய நிறுவனங்களில் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், பணம் ஒதுக்குபவர் இன்னொருவர், அன்றாடம் அதில் உழைப்பவர் வேறொருவர். சிறு வணிகத்தில் பெரும்பாலும் இந்த மூவரும் ஒருவரே. அவர் தன் கைப்பணத்தைக் கொடுத்து வாங்குகிறார். பழுது பார்க்கத் தனியாகக் கணினித் துறை எதுவும் அவரிடம் இல்லை. ஆட்கள் காத்திருக்கும் நேரத்தில் பில் அச்சாகாமல் நின்றால் அந்த நட்டம் அப்போதே அவர் தலையில் விழுகிறது. ஆகவே எங்கள் அலுவலகத்தில் எந்த முடிவை எடுக்கும்போதும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்கிறோம்: இதனால் அவர் இன்றைய கணக்கை இன்றே நேர்செய்துவிட்டு வீட்டுக்குப் போக முடியுமா? கீழே சொல்லியிருப்பவை எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவை.

பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்

ஒரு வரி நிரல்கூட எழுதுவதற்கு முன்னால், நீங்கள் யாருக்காக எழுதப்போகிறீர்களோ அவர் வேலை செய்யும் இடத்தில் குறைந்தது இரண்டு முழு நாள்கள் உட்காருங்கள். அவற்றில் ஒன்று மாதக் கடைசி நாளாக இருக்கட்டும். சாதாரண நாளில் தெரியாத சிக்கல்கள் எல்லாம் அன்றைக்குத்தான் மேலே வரும். அனுமதி பெற்று, ஓரமாக அமர்ந்து, பேசாமல் பாருங்கள். கணினிக்கு வெளியே நடக்கும் ஒவ்வொன்றையும், அதாவது துண்டுச்சீட்டு, கால்குலேட்டர், திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் காகிதம், பக்கத்து அறைக்குக் குரல் கொடுத்துக் கேட்கும் கேள்வி என எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மென்பொருள் செய்ய வேண்டிய வேலை அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

இதை நான் தாமதமாகவே கற்றேன். எங்கள் மென்பொருளை வாங்கி ஆறு மாதம் ஆன ஓர் உதிரிபாக விற்பனையாளரிடம் சென்றிருந்தபோது, அங்கே பில் போடும் அம்மையார் எல்லாவற்றையும் முதலில் ஒரு நீள நோட்டில் எழுதிவிட்டு, கூட்டம் குறைந்த பிறகே கணினியில் ஏற்றுவதைப் பார்த்தேன். பயிற்சி போதவில்லை என்று முடிவுகட்டி, மறுநாள் சொல்லிக்கொடுக்கும் எண்ணத்தோடு போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்த நோட்டின் பக்கத்தைக் கிட்டத்தில் பார்க்க வாய்த்தது. சில பொருள்களின் பெயருக்கு முன்னால் சிறு வட்டம் போட்டிருந்தார். சில வட்டங்களின் மேல் குறுக்குக்கோடு இருந்தது. வட்டம் என்றால், பொருந்துகிறதா என்று பார்க்க எடுத்துச்சென்றது. குறுக்குக்கோடு என்றால், பொருந்தாமல் திரும்பி வந்தது. ஒரு வண்டிக்கு எது சரியாக இருக்கும் என்று தெரியாத பழுதுபார்ப்பவர் மூன்று அளவுகளையும் எடுத்துப்போய், இரண்டைத் திருப்பிக் கொண்டுவருவது அந்தத் தொழிலில் அன்றாட வழக்கம். எங்கள் மென்பொருளிலோ பில்லைச் சேமித்துவிட்டால் அதை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போடுவதைத் தவிர வேறு வழி இல்லை. எங்கள் குறையைத்தான் அவர் தன் நோட்டால் ஈடுகட்டிக்கொண்டிருந்தார். ஊர் திரும்பியதும் முடிக்கப்படாத பில் என்னும் நிலையைச் சேர்த்தோம். அது மூன்று வார வேலை. ஆறு மாதமாக அந்தக் குறையைப் பற்றி அவர் எங்களுக்கு ஒரு புகார்கூட எழுதவில்லை. நான் நேரில் போயிராவிட்டால் அது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

1983-இல் ஸ்காட் குக்கும் டாம் புரூல்க்ஸும் தொடங்கிய இன்டூயிட் நிறுவனம் இதையே ஒரு முறையாக வைத்திருந்தது. குவிக்கன் மென்பொருளைக் கடையில் வாங்குபவர்களிடம் அனுமதி கேட்டு, அவர்களோடு வீட்டுக்கே சென்று, அதை அவர்கள் எப்படி நிறுவிப் பயன்படுத்துகிறார்கள் என்று அதன் ஊழியர்கள் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். வீட்டு வரவு செலவுக்காக எழுதிய அந்த மென்பொருளைப் பலர் தங்கள் தொழிலின் கணக்குக்குப் பயன்படுத்திவந்தது தெரியவந்ததே 1992-இல் குவிக்புக்ஸ் என்னும் தொழில் கணக்கு மென்பொருள் வெளிவரக் காரணமாயிற்று. கணக்கியல் படித்தவர்களுக்கான மென்பொருள்கள் ஏற்கெனவே சந்தையில் இருந்தன. ஆனால் அந்தத் தொழில் உரிமையாளர்கள் பற்று, வரவு என்ற சொற்களைத் தாண்டி உள்ளே வர முடியாதவர்களாக இருந்தார்கள்.

நேரில் பார்க்கும்போது கேள்வி கேட்கும் முறையும் முக்கியம். “இப்படி ஒன்று இருந்தால் வாங்குவீர்களா?” என்று கேட்காதீர்கள், முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மனம் வராமல் எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். “கடைசியாக எப்போது கணக்கு இடித்தது? அன்றைக்கு என்ன செய்தீர்கள்? சரிசெய்ய எத்தனை மணி ஆயிற்று?” என்று நடந்ததைக் கேளுங்கள். கடந்த மாதத்தின் உண்மையான பில்களில் ஐம்பதை, பெயர்களை மறைத்து, நகலெடுத்துத் தரும்படி வேண்டுங்கள். அச்சிட்ட பகுதியைவிட அவற்றின் ஓரத்தில் கையால் எழுதியிருப்பவற்றை அதிகக் கவனத்தோடு படியுங்கள்.

எதை எழுதுவது, எதை விடுவது

உங்களுக்குப் போட்டி இன்னொரு மென்பொருள் நிறுவனம் என்று எண்ணாதீர்கள். நீங்கள் வெல்ல வேண்டியவை நோட்டும், எக்செல் போன்ற விரிதாளும். 1979-இல் டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் தனிநபர் கணினிக்கான முதல் விரிதாள் மென்பொருளான விசிகால்க்கை வெளியிட்ட நாளிலிருந்து, கட்டம் போட்ட திரையில் தன் கணக்கைத் தானே அமைத்துக்கொள்ளும் சுதந்திரத்தை வணிகர்கள் அனுபவித்துவருகிறார்கள். அதை விட்டுவிட்டு உங்களிடம் வர அவர்களுக்கு வலுவான காரணம் வேண்டும். ஒரே கோப்பின் பிரதிகளை இருவர் தனித்தனியே திருத்தினால் விரிதாள் குழம்புகிறது. பழைய எண்ணை யார், எப்போது மாற்றினார் என்பது அதில் பெரும்பாலும் தெரிவதில்லை. பழைய பில்லின் மேலேயே புதிய பில்லைச் சேமித்துவிட்டால் பழையது போய்விடுகிறது. இந்தக் கடைசித் தவற்றைத் தானே செய்த மைக் மெக்டெர்மென்ட், சிறு வடிவமைப்பு நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தபோது தன் தேவைக்காக எழுதத் தொடங்கியதுதான் 2003-இல் பிறந்த ஃபிரெஷ்புக்ஸ் என்னும் பில் மென்பொருள். விரிதாள் தோற்கும் இடங்களில் நீங்கள் நிச்சயமாக வெல்ல வேண்டும். மற்ற இடங்களில் அதற்குச் சமமாக இருந்தாலே போதும்.

முதல் இரண்டு ஆண்டுகள் ஒரே ஒரு தொழிலுக்கு மட்டும் எழுதுங்கள். அச்சகமோ, பல் மருத்துவமனையோ, உதிரிபாக விற்பனையோ, எதுவானாலும் அந்தத் தொழிலின் சொற்களே திரையில் இருக்க வேண்டும். அச்சகத்தார் வேலை என்று சொல்வதைத் திரை ஆர்டர் என்று காட்டினால், ஒவ்வொரு முறையும் அவர் மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே உழைக்க வேண்டியிருக்கும். எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும்படி எழுத முயன்ற எங்கள் முதல் பதிப்பில் 40 அமைப்புத் தேர்வுகள் (செட்டிங்ஸ்) இருந்தன. அவற்றை எப்படி நிரப்புவது என்று விளக்குவதிலேயே எங்கள் தொலைபேசி நேரத்தில் பாதி கழிந்தது. தொழிலைத் தீர்மானித்த பிறகு 9 தேர்வுகள் மட்டுமே எஞ்சின.

பணத்தைக் கணினியில் வைப்பது

இந்தப் பகுதியைச் சற்று நீளமாகவே எழுதுகிறேன். இதில் செய்யும் தவறுகளைப் பிற்காலத்தில் திருத்துவது மிகவும் கடினம் என்பதும், நல்ல நிரலர்கள்கூட இதில் சறுக்குகிறார்கள் என்பதும் காரணம்.

கணினியின் மிதவைப்புள்ளி எண்களில், அதாவது தசம எண்களைத் தோராயமாக வைக்கும் வகையில், பணத்தை ஒருபோதும் சேமிக்காதீர்கள். 1985-இல் வகுக்கப்பட்ட ஐஈஈஈ 754 தரத்தின்படி இயங்கும் அந்த எண்கள் இரண்டின் அடுக்குகளால் ஆனவை. பத்தில் ஒன்று என்பதை அவற்றால் துல்லியமாகக் குறிக்க முடியாது. அதனால்தான் பல நிரல்மொழிகளில் 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.30000000000000004 என்று விடை வருகிறது. ஒரு பில்லில் இது கண்ணுக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கான பதிவுகளைக் கூட்டிச் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிடும்போது, சமமாக இருக்க வேண்டிய இரண்டு தொகைகள் சமமில்லை என்று மென்பொருள் சொல்லும். தொகையை நாணயத்தின் மிகச்சிறிய அலகில் முழு எண்ணாகச் சேமியுங்கள், அல்லது தரவுத்தளம் தரும் தசம வகையைப் பயன்படுத்துங்கள். எல்லா நாணயங்களுக்கும் இரண்டு தசம இடங்களே என்றும் கருதிவிடாதீர்கள்: ஐஎஸ்ஓ 4217 தரத்தின் பட்டியலில் ஜப்பானிய யென்னுக்குத் தசம இடமே கிடையாது, குவைத் தினாருக்கு மூன்று இடங்கள் உண்டு.

அடுத்தது முழுமையாக்கல், அதாவது மிகுதித் தசம இடங்களை நீக்கித் தொகையை இரண்டு இடங்களுக்குக் கொண்டுவருவது. 10.10 விலையுள்ள மூன்று பொருள்கள், வரி 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக வரியைக் கணக்கிட்டு முழுமையாக்கினால் 0.505 என்பது 0.51 ஆகி, மூன்றுக்கும் சேர்த்து 1.53 வரும். மொத்தம் 30.30-க்கு ஒரே முறை கணக்கிட்டால் 1.515 என்பது 1.52 ஆகும். இரண்டு முறைகளுமே பழக்கத்தில் இருக்கின்றன. எது சரி என்பதை அந்தந்த இடத்தின் வரி விதியே தீர்மானிக்கும். நீங்கள் செய்ய வேண்டியது, பில் திரையும், அச்சிடும் பகுதியும், மாத அறிக்கையும் ஒரே செயற்கூற்றை (ஃபங்ஷன்) அழைத்துக் கணக்கிடுமாறு எழுதுவதே. எங்கள் மென்பொருளில் அச்சிடும் பகுதி தனியாகக் கூட்டிக்கொண்டிருந்தது. நாள் முடிவில் 0.01 குறைகிறது என்று ஒரு வாடிக்கையாளர் தொடர்ந்து நான்கு மாலைகள் அழைத்தார். மிகச்சிறிய தொகைதானே என்று நான் முதலில் அலட்சியமாக இருந்தேன். அவருக்கோ அந்த 0.01 எங்கிருந்து வந்தது என்று தெரியாதவரை மற்ற எண்கள் எதையும் நம்ப முடியவில்லை; ஒவ்வொரு மாலையும் அன்றைய பில்களை முழுவதுமாக மறுபடி கூட்டிக்கொண்டிருந்தார். அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது. ஒரு தொகையைப் பிரிக்கும்போதும் இதே கவனம் வேண்டும்: 100-ஐ மூவருக்குப் பிரித்தால் 33.33, 33.33, 33.34 என்று கடைசிப் பங்கில் மீதியைச் சேர்க்காவிட்டால் 0.01 காணாமல் போகும்.

பதிந்த கணக்கை அழிக்கவோ மேலெழுதவோ விடாதீர்கள். இத்தாலியக் கணிதவியலாளர் லூக்கா பாச்சோலி 1494-இல் வெனிஸ் நகரில் இரட்டைப் பதிவு முறையை அச்சில் விளக்கிய காலத்திலிருந்து கணக்கர்கள் கடைப்பிடித்துவரும் ஒழுங்கு, ஒவ்வொரு தொகையும் ஒரு பக்கத்திலிருந்து போனால் இன்னொரு பக்கத்தில் வந்திருக்க வேண்டும் என்பது. அதன் வழியில் வந்த பழக்கம்தான் தவறான பதிவை அடித்துத் திருத்தாமல் எதிர்ப்பதிவு போட்டு நேர்செய்வது. தரவுத்தளத்திலும் அப்படியே செய்யுங்கள். திரையில் பயனருக்குத் திருத்து என்ற பொத்தான் இருக்கலாம். உள்ளே அது பழைய பதிவுக்கு ஓர் எதிர்ப்பதிவையும் சரியான புதிய பதிவையும் சேர்ப்பதாக இருக்க வேண்டும். யார் செய்தார், எப்போது செய்தார் என்பதும் கூடவே பதியப்பட வேண்டும். இதனால் சேமிப்பிடம் கொஞ்சம் கூடுதலாகும். ஆனால் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நிலுவை ஏன் இப்படி இருக்கிறது என்று வாடிக்கையாளர் கேட்கும்போது, ஊகிக்காமல் பதில் சொல்ல உங்களால் முடியும்.

பில் எண்களைப் பற்றி ஒரு சொல். பல நாடுகளின் வரி விதிகள் பில் எண்கள் விடுபடாமல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்கின்றன. தரவுத்தளங்கள் தரும் தானியங்கி வரிசை எண் அதற்கு உதவாது. எடுத்துக்காட்டாக போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், பாதியில் ஒரு பரிவர்த்தனை (முழுவதும் நடக்கும் அல்லது முழுவதும் ரத்தாகும் தரவுத்தள வேலைத் தொகுப்பு) ரத்தானால் அதற்காக எடுத்த வரிசை எண் திரும்ப வராது. இடையில் ஓர் எண் விடுபட்டுப்போகும். பில் எண்ணைத் தனி அட்டவணையில் வைத்து, பில்லைச் சேமிக்கும் அதே பரிவர்த்தனைக்குள் பூட்டி எடுத்துக் கூட்டுங்கள். ஒரு நொடியில் பல்லாயிரம் பில் போடும் அமைப்புக்கு இது மெதுவாக இருக்கலாம். உங்கள் வாடிக்கையாளருக்கு இது தாராளமாகப் போதும். முடிந்த மாதத்தைப் பூட்டிவைக்கும் வசதியையும் முதல் பதிப்பிலேயே கொடுத்துவிடுங்கள். வரிக் கணக்கைச் சமர்ப்பித்த பிறகு தவறுதலாக அந்த மாதத் தேதியில் ஒரு பதிவு நுழைந்துவிட்டால், அதைக் கண்டுபிடிப்பதற்குள் கணக்கர் படும் பாடு கொஞ்சமல்ல.

பழைய கணக்கைக் கொண்டுவருவது

புதிய வாடிக்கையாளர் வெறுங்கையோடு வருவதில்லை. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பெயர்ப் பட்டியல், பொருள் பட்டியல், யார் எவ்வளவு தர வேண்டும் என்னும் நிலுவை ஆகியவற்றோடு வருகிறார். அவற்றை உள்ளே ஏற்றும் வேலையை அவர் தலையில் கட்டிவிட்டால், சேர்ந்தவர்களில் பலர் முதல் மாதத்திலேயே நின்றுவிடுவார்கள். நாங்கள் அந்த வேலையைக் கட்டணமின்றிச் செய்து தருகிறோம்; இதுவரை எடுத்த வணிக முடிவுகளில் இதையே சிறந்ததாகக் கருதுகிறேன். வரும் கோப்பில் ஒரே ஆளின் பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும், தொலைபேசி எண்ணின் முன்னால் இருந்த பூச்சியம் விரிதாளில் மறைந்திருக்கும், தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும். எதையும் நீங்களாகவே திருத்தாமல், சந்தேகமானவற்றைப் பட்டியலிட்டு உரிமையாளரிடம் காட்டி, அவர் சொன்னபடி மாற்றுங்கள்.

பரிவர்த்தனைகளின் முழு வரலாற்றையும் ஏற்ற முயல வேண்டாம். ஒரு மாத முதல் தேதியைத் தொடக்க நாளாக வைத்து, அன்றைய சரக்கு இருப்பையும், ஒவ்வொருவரின் நிலுவையையும், கையிருப்புப் பணத்தையும் தொடக்க இருப்பாக ஏற்றுங்கள். பழைய கோப்பு, பார்ப்பதற்கு மட்டும், பக்கத்தில் இருக்கட்டும். ஏற்றி முடித்ததும் மொத்த நிலுவை அவருடைய பழைய நோட்டின் கூட்டலோடு ஒத்துப்போவதை அவரையே பார்த்து உறுதிசெய்யச் சொல்லுங்கள். அந்த எண் பொருந்துவதைத் தன் கண்ணால் பார்த்தவர் அடுத்த நாள் முதல் தயக்கமின்றிப் புதிய திரையில் வேலை செய்வதைப் பலமுறை கவனித்திருக்கிறேன்.

விலையும் வெளியேறுபவர்களும்

சந்தா முறையில் விற்கும் நிறுவனத்தின் வாழ்வைத் தீர்மானிக்கும் எண், மாதந்தோறும் எத்தனை பேர் வெளியேறுகிறார்கள் என்பது. சிறு வணிகங்களில் சில தொழிலையே மூடிவிடுவதால், உங்கள் மேல் குறை எதுவும் இல்லாவிட்டாலும் ஓரளவு வெளியேற்றம் இருந்துகொண்டேயிருக்கும். மாதம் 5 சதவீதம் வெளியேறுவது சிறிய அளவாகத் தோன்றலாம். 100 பேரில் ஆண்டு முடிவில் 54 பேரே மிஞ்சுவார்கள். 3 சதவீதமானால் 69 பேர். 1 சதவீதமானால் 89 பேர். இன்னொரு விதமாகவும் இதைப் பாருங்கள்: மாதம் 10 புதியவர்களைச் சேர்க்கும் உங்களிடமிருந்து மாதம் 5 சதவீதம் பேர் வெளியேறினால், எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் 200 வாடிக்கையாளரைத் தாண்ட முடியாது, 200-ஐ எட்டும்போது சேருபவரும் போகிறவரும் சமமாகிவிடுகிறார்கள். அதே உழைப்பில் வெளியேற்றத்தை 2 சதவீதமாகக் குறைத்தால் அந்த எல்லை 500 ஆகிறது. விளம்பரத்தைக் கூட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஒருவரைச் சேர்க்க நீங்கள் செலவிடுவது, உங்கள் நேரத்தின் மதிப்பையும் சேர்த்து, ஆறு மாதச் சந்தாவுக்குச் சமம் என்று கொள்வோம். 5 சதவீத வெளியேற்றத்தில் அந்த ஆறு மாதம் முடிவதற்குள் 100-க்கு சுமார் 26 பேர் போய்விட்டிருப்பார்கள். அவர்களிடம் இழந்ததை மீதிப் பேர்தான் ஈடுகட்ட வேண்டும். ஆகவே போகிற ஒவ்வொருவரையும் நிறுவனர் தாமே அழைத்துக் காரணம் கேட்டு, அதை எழுதிவைக்க வேண்டும். எங்கள் முதல் ஆண்டுப் பட்டியலில் விலை அதிகம் என்ற காரணம் குறைவாகவும், தொடக்கத்திலேயே சரக்கு இருப்பு தவறாக ஏறியது என்ற காரணம் மிகுதியாகவும் இருந்தது. தரவை நாங்களே ஏற்றித்தரத் தொடங்கியது அதைப் படித்த பிறகுதான்.

பயனர் எண்ணிக்கைப்படி விலை வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பெரிய நிறுவனங்களுக்கு அது பொருந்தலாம். சிறு வணிகத்தில் ஒரு பயனருக்கான பணத்தை மிச்சப்படுத்த எல்லோரும் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்வார்கள். அதன்பின் யார் இந்தப் பதிவைச் செய்தார் என்று நீங்கள் அக்கறையோடு சேமிக்கும் தகவல் பொருளற்றதாகிவிடும். கிளைகளின் எண்ணிக்கை, மாத பில்களின் எண்ணிக்கை போன்ற ஒன்றை அளவாக வைத்தால், வணிகம் வளரும்போது உங்கள் வருவாயும் இயல்பாக வளரும்.

ஆண்டுச் சந்தாவை முன்பணமாக வாங்குவது தொடக்க நிறுவனத்துக்குப் பெரிய உதவி. வெளியிலிருந்து முதலீடு வாங்காமல் நாங்கள் நிற்க முடிந்ததற்கு அது முக்கியக் காரணம். ஆனால் அந்தப் பணம் வந்த அன்றே உங்களுடையதாகிவிடுவதில்லை. மாதந்தோறும் பன்னிரண்டில் ஒரு பங்குதான் வருவாய். மீதி, இன்னும் செய்து தராத வேலைக்கு வாங்கிய கடன். அதைத் தனிக் கணக்கில் வைத்து, மாதம் ஒரு பங்காக மட்டும் எடுத்துச் செலவிடுங்கள்.

காப்புநகல்

பேக்கப் எடுப்பதை எல்லோரும் செய்கிறார்கள். அதிலிருந்து மீட்டுப் பார்ப்பதைச் சிலரே செய்கிறார்கள். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் கட்டளை இட்டதால் முதன்மைத் தரவுத்தளம் அழிந்தது. அவர்களிடம் பல வகையான காப்பு ஏற்பாடுகள் இருந்தும், நாள்தோறும் நடக்க வேண்டிய பேக்கப், மென்பொருள் பதிப்புப் பொருந்தாமையால் நின்றுபோயிருந்தது. தோல்வியை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச்சேரவில்லை. தற்செயலாக 6 மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு பிரதியால் மீண்டார்கள். இடைப்பட்ட நேரத்துத் தரவு போயிற்று. நடந்ததை ஒளிக்காமல் முழுவதும் அவர்களே வெளியிட்டதால், நம்மைப் போன்றவர்கள் கற்றுக்கொள்ள முடிகிறது.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பகங்கள், ஒன்று வேறு இடத்தில் என்னும் பழைய விதியைக் கடைப்பிடியுங்கள். அதோடு மாதம் ஒருமுறை, வெற்றுச் சர்வர் ஒன்றில் பேக்கப்பை மீட்டு, ஏதேனும் மூன்று வாடிக்கையாளரின் முந்தைய நாள் முடிவுத் தொகை பொருந்துகிறதா என்று ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். எங்களுக்கு அது ஒரு பிற்பகல் வேலை. ஒரு வாடிக்கையாளரின் தரவு இன்னொருவருக்குத் தெரிந்துவிடாதபடி காக்கும் தடுப்பையும் தரவைக் கேட்டு நிரல் அனுப்பும் ஒவ்வொரு வினவலிலும் நினைவாக எழுத வேண்டியதாக வைக்காமல், தரவுத்தள மட்டத்திலேயே அமையுங்கள்.

தொலைபேசியை எடுப்பது

முதல் 100 வாடிக்கையாளர் வரை வரும் அழைப்புகளை நிறுவனர் தாமே எடுக்க வேண்டும். அதன் பிறகும் வாரத்தில் ஒரு நாளாவது எடுக்க வேண்டும். அழைப்பவர் சொல்லும் தீர்வை அப்படியே எழுதிக்கொள்ளாமல், அவருக்கு நேர்ந்த சிக்கலை எழுதுங்கள். “இங்கே ஒரு பொத்தான் வேண்டும்” என்று கேட்பவரிடம், எந்த வேலையின் நடுவில் அது தேவைப்பட்டது என்று கேட்டால், பல நேரங்களில் வேறு எளிய வழி தெரியவரும். செய்ய முடியாததை முடியாது என்று அன்றே சொல்லிவிடுங்கள். பார்க்கிறோம் என்று சொல்லி ஓராண்டு காத்திருக்க வைப்பது அவருடைய நேரத்தை வீணாக்குவது. மாதக் கடைசி வாரத்தில் புதிய பதிப்பை வெளியிடாதீர்கள்.

நான்காம், ஐந்தாம் ஆண்டில் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதலாம் என்னும் ஆசை எழும். பகுதி பகுதியாக மாற்றுங்கள். முழுவதையும் மாற்றியே ஆக வேண்டுமானால், ஃபிரெஷ்புக்ஸ் செய்ததைக் கவனியுங்கள்: புதிய பதிப்பை வேறொரு பெயரில், தங்களுக்கே போட்டி நிறுவனம் போலத் தனியாக வெளியிட்டு, புதியவர்கள் அதை விரும்புகிறார்களா என்று பார்த்த பிறகே 2016-இல் தங்கள் பெயரில் கொண்டுவந்தார்கள். பழைய வாடிக்கையாளர்களின் அன்றாட வேலை அந்தச் சோதனையால் பாதிக்கப்படவில்லை.

போக விரும்புபவரும் நீங்கள் இல்லாத நாளும்

வெளியேறுபவருக்கு அவருடைய முழுத் தரவையும், விரிதாளில் திறக்கக்கூடிய கோப்பாக, யாரையும் கேட்காமல் தாமே எடுத்துக்கொள்ளும் பொத்தானை வையுங்கள். சந்தா முடிந்த பிறகும் 90 நாள்கள் அது வேலை செய்யட்டும். தன் கணக்கு சிக்கிக்கொள்ளும் என்ற அச்சம் இல்லாதவர் சேரும்போதும் எளிதாகச் சேருகிறார்; எங்களிடம் பேச வரும் கணக்கர்கள் விலைக்கு முன்னால் இதைத்தான் கேட்கிறார்கள்.

சிறிய குழுவில் மிகப் பெரிய ஆபத்து, சர்வரின் சாவிகளும் நிறுவனத்தின் நினைவும் ஒருவரிடமே இருப்பது. இணைய முகவரியைப் புதுப்பிக்கும் தேதி, சர்வர் கணக்குகள், பேக்கப்பை மீட்கும் படிகள், வரி விகிதம் மாறினால் எந்தக் கோப்பைத் திருத்துவது, வங்கியில் யார் கையெழுத்திடலாம் என்பவற்றை ஐந்தாறு பக்கங்களில் எழுதி, நிறுவனத்துக்குள் ஒருவரிடமும் வெளியே நம்பகமான ஒருவரிடமும் கொடுத்துவையுங்கள். நான் காய்ச்சலாகப் படுத்திருந்த ஒரு வாரத்தில் சர்வர் நின்றுபோயிற்று. எங்கள் நிறுவனத்தில் சேர்ந்து எட்டு மாதமே ஆகியிருந்த ஓர் இளைஞர் அந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டு 50 நிமிடத்தில் மீட்டார். நான்காம் பக்கத்தில் ஒரு படி விடுபட்டிருந்ததை ஓரத்தில் பென்சிலால் எழுதியும் வைத்திருந்தார். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கங்களைப் பார்த்து மீட்பவர், கடைசி முறை செய்யாத வேறொருவராக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். பென்சிலும் அவற்றோடேயே இருக்கிறது.